கலங்கிய டபுள் ஐபிஏ: ருசி பார்க்கப் பழகுவது எப்படி?

தெளிவில்லாத பீர் என்றால் கெட்டுப்போன பீர் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஹேஸி டபுள் ஐபிஏ, அதாவது கலங்கலாக, கூடுதல் ஆல்கஹாலோடு காய்ச்சிய இந்தியா பேல் ஏல், அந்த நினைப்பை முதல் பார்வையிலேயே சோதிக்கும். கிளாஸில் ஊற்றினால் வடிகட்டாத ஆரஞ்சுச் சாறு மாதிரி மஞ்சளாகக் கலங்கி நிற்கிறது. மாம்பழம், பேஷன் ஃப்ரூட், பீச் என்று வாசம் வருகிறது. வாயில் வழவழவென்று இறங்குகிறது. கசப்பு தாமதமாக, அதுவும் அடக்கமாக வருகிறது. கேனைத் திருப்பிப் பார்த்தால் ஆல்கஹால் 8 அல்லது 8.5 சதவீதம் என்று போட்டிருக்கும். வழக்கமான லாகர் பீரில் 5 சதவீதம்தான்.

புதிதாகக் குடித்துப் பார்ப்பவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இது ஒன்றை ஒன்று மறைக்கிற பீர். பழ வாசம், இல்லாத இனிப்பை இருப்பதாக நம்பவைக்கும். இருக்கிற இனிப்பு கசப்பை மூடும். வழவழப்பு ஆல்கஹாலின் காரத்தை மூடும். எல்லாம் சேர்ந்து, பழைய சரக்கின் கோளாறைக்கூடச் சில சமயம் மூடிவிடும். ஆகவே இங்கே ருசி பார்ப்பது என்பது மூக்கு சொல்வதையும் நாக்கு சொல்வதையும் தொண்டை சொல்வதையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கிற வேலை. அதற்குப் பெரிய அனுபவம் தேவையில்லை. கொஞ்சம் பொறுமையும், சரியான வெப்பநிலையும், சுத்தமான கிளாஸும் போதும்.

கலங்கல் எதனால்?

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வாட்டர்பரி என்ற சிற்றூர். அங்கே தி ஆல்கெமிஸ்ட் என்ற, பீரைத் தானே காய்ச்சி விற்கும் மதுக்கடையில் ஜான் கிம்மிக் 2004-இல் ஹெடி டாப்பர் என்ற 8 சதவீத பீரை முதன்முதலாகக் காய்ச்சினார். வடிகட்டாமல் கலங்கலாகவே கொடுத்தார். 2011-இல் அது கேனில் வந்ததும் அந்தப் பாணி வேகமாகப் பரவியது. பிறகு அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி முழுக்க இப்படிக் காய்ச்ச ஆரம்பித்ததால் நியூ இங்கிலாந்து ஐபிஏ என்றும் பெயர் வந்தது. 2018-இல் அமெரிக்க ப்ரூவர்ஸ் அசோசியேஷன் இதைத் தனிப் பாணியாகத் தன் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பு போட்டிகளில் இதை எந்த வகையில் வைப்பது என்பதே தலைவலியாக இருந்தது.

கலங்கலுக்குக் காரணம் மிதக்கும் ஈஸ்ட்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஈஸ்டுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, ஆனால் அது முக்கியக் காரணம் இல்லை. முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டோடு ஓட்ஸும் கோதுமையும் கணிசமாகச் சேர்க்கிறார்கள். மொத்த தானியத்தில் ஐந்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கு மேலும் இருக்கும். அவற்றிலிருந்து வரும் புரதம், ஹாப்ஸிலிருந்து (பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் கொடிப் பூ) வரும் பாலிபீனால் என்ற துவர்ப்புப் பொருளோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த நுண்ணிய துகள்கள் அடியில் படியாமல் மிதந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. நல்ல கலங்கல் என்றால் அது சீராக இருக்க வேண்டும்: மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி, திட்டுத் திட்டாக இல்லாமல். பச்சைத் துணுக்குகளோ வெள்ளைச் செதில்களோ மிதந்தால் அது பாணி அல்ல, கவனக்குறைவு. கலங்கல் தடிமனாக இருந்தால் சுவையும் அதிகம் என்பதும் சரியில்லை. ஓரளவே மங்கலான பீர் பல சமயம் சுவையில் துல்லியமாக இருக்கும்.

ஹாப்ஸை எப்போது போடுகிறார்கள் என்பதுதான் இந்தப் பாணியின் உயிர்நாடி. ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலம் கொதியில் நெடுநேரம் இருந்தால்தான் உருமாறிக் கசப்பாகும். அமெரிக்க மேற்குக் கரையின் பழைய பாணி ஐபிஏவில் கொதியின் தொடக்கத்திலேயே ஒரு பகுதியைப் போடுவார்கள். அதனால்தான் அந்தத் தெளிந்த, முறுகலான கசப்பு. இங்கே ஆரம்பத்தில் ஏதும் போடாமலோ ஒரு சிட்டிகை மட்டும் போட்டோ விட்டுவிடுகிறார்கள். அடுப்பை அணைத்து, சூடு 80 டிகிரி வாக்கில் இறங்கிய பிறகு பெரும் பங்கு. நொதிப்பின்போதும் அதன் முடிவிலும் குளிர்ந்த பீரிலேயே இன்னும் பெரிய பங்கு. இந்தக் கடைசிக் கட்டத்துக்கு ட்ரை ஹாப்பிங் என்று பெயர். லிட்டருக்கு 10 முதல் 20 கிராம் வரை ஹாப்ஸ் விழும். வாசனை எண்ணெய்கள் ஆவியாகாமல் பீரிலேயே தங்கிவிடும். கசப்பு கொஞ்சம்தான் ஏறும்.

மீதி வேலையைத் தண்ணீரும் ஈஸ்டும் பார்த்துக்கொள்கின்றன. தண்ணீரில் சல்ஃபேட்டைவிடக் குளோரைடு அதிகமாக இருக்குமாறு உப்புகளைச் சரிசெய்கிறார்கள். சல்ஃபேட் கசப்பைக் கூராக்கும், குளோரைடு வாயில் உருண்டையான நிறைவைத் தரும். ஈஸ்ட் பெரும்பாலும் ஆங்கிலேயப் பரம்பரையைச் சேர்ந்தது. பீச், ஆப்ரிகாட் மாதிரியான எஸ்டர் வாசங்களைத் தருவதோடு ஹாப்ஸின் சில எண்ணெய்களை வேறு வாசனைப் பொருளாகவும் மாற்றுகிறது. ரோஜா வாசமுள்ள ஜெரானியால், எலுமிச்சைச் சாயலுள்ள சிட்ரோனெலால் ஆவது இதற்கு ஓர் உதாரணம். நீங்கள் முகர்கிற மாம்பழத்தில் பழத் துளி ஒன்றுகூட இருக்க வேண்டியதில்லை.

வாங்கும்போதே பாதி முடிவாகிவிடும்

பழைய இங்கிலாந்துப் பேல் ஏல் கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்து இந்தியா வந்து சேர்ந்தது. அதன் இந்தக் கொள்ளுப்பேரன் அப்படித் தாங்காது. ஆக்சிஜன்தான் இதற்குப் பெரிய எதிரி. இத்தனை ஹாப்ஸ், இத்தனை பாலிபீனால் இருக்கும்போது, கேனில் அடைக்கையில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்கு ஆக்சிஜன் புகுந்தாலே வாசம் சீக்கிரம் மங்கும். நிறமும் மாறும். வெயிலில் கிடந்தாலோ அலமாரியில் வெதுவெதுப்பாக நின்றாலோ அதே கெடுதல் பல மடங்கு வேகமாக நடக்கும்.

அதனால் கேனின் அடியில் அச்சிட்ட அடைத்த தேதியைத்தான் முதலில் பாருங்கள். காலாவதித் தேதி மட்டும் இருந்தால் அதை நம்பிப் பயனில்லை. சிலர் அடைத்த நாளிலிருந்து மூன்று மாதம், சிலர் ஒரு வருடம் வரை கணக்குப் போடுகிறார்கள். அடைத்து இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள், முழுக்கக் குளிரிலேயே இருந்த கேன்தான் சிறந்தது. எட்டு வாரம் வரை பரவாயில்லை. மூன்று மாதம் தாண்டினால், நன்றாக அடைத்துக் குளிரில் காத்திருந்தால் ஒழிய, வேறொன்றை வாங்குவது மேல். கடையில் குளிர்பெட்டிக்கு வெளியே அடுக்கியிருந்தால் தேதி எவ்வளவு புதிதாக இருந்தாலும் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

புதிது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. அடைத்து ஒரு வாரம்கூட ஆகாத கேனில் ஹாப்ஸின் நுண்துகள்கள் இன்னும் மிதந்துகொண்டிருக்கும். அவை தொண்டையைக் கீறும். அதைப் பின்னால் பார்ப்போம்.

வாங்கி வந்ததும் ஃப்ரிட்ஜில் செங்குத்தாக நிற்க வையுங்கள், குறைந்தது ஒரு நாள். படுக்க வைத்தால் அடிவண்டல் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, ஊற்றும்போது கலங்கிவிடும். கேனைத் தலைகீழாகக் கவிழ்த்து உருட்டிவிட்டு ஊற்றுகிற ஒரு பழக்கம் சிலரிடம் உண்டு. கோதுமை பீருக்கு அது பொருந்தலாம், இதற்கு வேண்டாம். அடியில் கிடப்பது சுவை அல்ல, வண்டல்தான்.

கிளாஸும் குளிரும்

ஹெடி டாப்பர் கேனின் மேலேயே, கேனிலிருந்து அப்படியே குடியுங்கள் என்று அச்சிட்டிருக்கும். அதைக் காய்ச்சியவரின் விருப்பம் அது. ருசி பார்க்கப் பழகுபவருக்கு அந்த அறிவுரை உதவாது: கேனின் சிறு துளை வழியாக மூக்குக்கு வாசம் எதுவும் எட்டாது, நிறத்தையும் பார்க்க முடியாது.

வயிறு பருத்து வாய் குறுகிய கிளாஸ் வேண்டும். ட்யூலிப் வடிவம், இல்லாவிட்டால் சாதாரண ஒயின் கிளாஸ். கொள்ளளவு 350 மி.லி. அளவில் இருந்தால், அதில் 120 முதல் 150 மி.லி. மட்டும் ஊற்றுங்கள். மேலே இருக்கும் வெற்றிடத்தில்தான் வாசம் தங்கும். சுழற்றினாலும் சிந்தாது.

கிளாஸ் சுத்தம் என்பது கண்ணுக்குப் பளபளப்பாக இருப்பது மட்டுமல்ல. எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பு மிச்சமும் நுரையை உடைத்துவிடும். சோதிக்க எளிய வழி: கிளாஸைத் தண்ணீரில் நனைத்துக் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். துளித்துளியாகப் பிரிந்து நின்றால் பிசுக்கு இருக்கிறது. பீர் ஊற்றிய பிறகும் தெரியும்: நுரைக்குக் கீழே பக்கச் சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் அங்கெல்லாம் அழுக்கு. துணியால் துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். துணியின் வாடையும் நூல்பிசிறும் ஒட்டாது. ஊற்றுவதற்கு முன் குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசிக்கொள்வதும் நல்லது. ஃப்ரீசரில் வைத்து உறைபனி பூத்த கிளாஸ் மட்டும் வேண்டவே வேண்டாம்: அது வாசத்தை அடக்கி நாக்கை மரத்துப்போகச் செய்யும்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கேன் 3 அல்லது 4 டிகிரி செல்சியஸில் இருக்கும். ருசி பார்க்கத் தொடங்க 7 அல்லது 8 டிகிரி போதும். அறை எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்து 10 முதல் 15 நிமிடம் வெளியே வைத்தால் வந்துவிடும். பிறகு அதைக் குளிர வைக்காமல், தானாகச் சூடேற விட்டபடியே பருக வேண்டும்.

முன்னேற்பாட்டில் இன்னும் ஒன்று: அரை மணி நேரம் முன்பிருந்து காபி, புதினா மிட்டாய், புகை, காரம் எதுவும் வேண்டாம். கையில் வாசனைச் சோப்போ செண்டோ இருந்தால் கிளாஸைத் தூக்கும்போதெல்லாம் அதுதான் மணக்கும். பக்கத்தில் சாதாரணத் தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட் அல்லது வெறும் ரொட்டி போதும்.

ஊற்றுவது, பார்ப்பது

கிளாஸை 45 டிகிரி சாய்த்துப் பக்கச் சுவரில் வழியுமாறு ஊற்றத் தொடங்குங்கள். பாதிக்கு வந்ததும் நிமிர்த்தி நடுவில் ஊற்றினால் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை எழும். நுரை அழகுக்காக மட்டும் இல்லை. அதில் வெடிக்கும் ஒவ்வொரு குமிழியும் வாசத்தை மேலே தள்ளுகிறது. கேனில் கடைசி 20 மி.லி.யை ஊற்றாமல் விட்டுவிடலாம்.

வெளிர் வைக்கோல் நிறம் முதல் அடர் மஞ்சள் வரை எல்லாம் சரி. பார்க்க வேண்டியது அந்த மஞ்சளில் உயிர் இருக்கிறதா என்பதைத்தான். ஆக்சிஜன் பட்ட ஹேஸி பீர் முதலில் மஞ்சளின் பளிச்சென்ற தன்மையை இழக்கும். பிறகு சாம்பல் படரும். மோசமானால் நறுக்கி வைத்த ஆப்பிள் போலப் பழுப்பேறி, சில சமயம் லேசான ஊதாச் சாயலும் காட்டும். வெள்ளைத் தாளை அருகில் வைத்துப் பார்த்தால் இது உடனே பிடிபடும். இந்தக் கட்டத்திலேயே பழுப்பைக் கண்டால், வாசத்தில் பழம் குறைவாகத்தான் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

மூக்குக்கு நேரம் கொடுங்கள்

இங்கேதான் அவசரப்படக் கூடாது. ஊற்றிய முதல் ஒரு நிமிடத்தில் சில வாசங்கள் பறந்துவிடும், அதனால் குடிப்பதற்கு முன்பே முகர வேண்டும். முதலில் கிளாஸை மூக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இடமிருந்து வலமாக நகர்த்தி, வருவதை மட்டும் பிடியுங்கள். அடுத்து மூக்கைக் கிளாஸின் வாய்க்குள் கொண்டுபோய் இரண்டு மூன்று முறை குட்டையாக முகருங்கள். நீண்டு இழுக்கும் மூச்சில் மூக்கு சீக்கிரம் சோர்ந்து, அதே வாசத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். மூன்றாவதாக, கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடி நான்கைந்து சுற்று சுழற்றி, கையை எடுத்த கணத்தில் ஒருமுறை ஆழமாக இழுங்கள். இடையில் மூக்கு மரத்துப்போனால் உங்கள் சட்டைக் கையையே முகர்ந்து பாருங்கள். பழகிய வாசம் மூக்கை மீட்டுவிடும்.

பெயர் சொல்வதில்தான் எல்லாருக்கும் தடுமாற்றம். மாம்பழமா, பப்பாளியா என்று முதலிலேயே குடைந்துகொண்டிருக்காமல் பெரிய பிரிவிலிருந்து தொடங்குங்கள்: இது எலுமிச்சை இனமா, வெப்பமண்டலப் பழமா, பீச் மாதிரிக் கொட்டைப் பழமா, பூவா, பிசினும் பைன் மரமுமா, வெட்டிய புல்லா? பிரிவு முடிவானால் அதற்குள் பழம் தானே பிடிபடும். அடுத்த கேள்வி: அந்தப் பழம் காயா, கனிந்ததா, அழுகத் தொடங்கியதா, மிட்டாயா? மாம்பழம் என்று பொதுவாகச் சொல்வதைவிட, காம்பருகே பச்சை மாறாத மாம்பழத் தோல் என்று சொல்வது ஆயிரம் மடங்கு பயனுள்ள குறிப்பு.

கேனில் ஹாப்ஸின் பெயர் போட்டிருந்தால் அதுவும் ஒரு துப்பு. சிட்ராவில் எலுமிச்சை, லிச்சி, மாம்பழம். மொசைக்கில் மாம்பழத்தோடு புளூபெரியும் கொஞ்சம் மண்வாசமும். ஆஸ்திரேலியாவின் கேலக்ஸி பேஷன் ஃப்ரூட்டையும் பீச்சையும் பட்டவர்த்தனமாகக் காட்டும். நியூசிலாந்தின் நெல்சன் சாவின் வெள்ளை ஒயினையும் கூஸ்பெரிப் பழத்தையும் நினைவூட்டும். சப்ரோ என்றால் தேங்காய். ஆனால் பெயரைப் பார்த்துவிட்டு முகர்ந்தால் மூக்கு அதையே கண்டுபிடித்துக் கொடுக்கும். முகர்ந்து எழுதிவிட்டுப் பிறகு கேனைப் படிப்பதுதான் நேர்மையான வரிசை.

பேஷன் ஃப்ரூட், பொமேலோ போன்ற வாசங்களுக்குப் பின்னால் தயோல் என்ற கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். அளவாக இருந்தால் பழம், மிஞ்சினால் வியர்வை, பூனை மூத்திரம். சில ஹாப்ஸ் அறுவடையில் தாமதமானால் வெங்காயம், பூண்டு வாசமும் ஏறும். இவை காய்ச்சியவரின் தவறு என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பிடிக்கிறதா இல்லையா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சிலருக்கு அந்த லேசான வெங்காயமே பிடித்தமானது.

8 சதவீதம் என்றால் ஆல்கஹாலும் மூக்கில் பட வேண்டும் என்பதில்லை. நன்றாக நொதித்த பீரில் லேசான வெதுவெதுப்பு மட்டும் தெரியும். நெயில் பாலிஷ், பெயிண்ட் தின்னர் மாதிரி கூர்மையாகக் குத்தினால் ஈஸ்ட் அதிக வெப்பத்தில் வேலை செய்திருக்கிறது, அல்லது போதுமான ஈஸ்ட் போடப்படவில்லை.

முதல் வாய், இரண்டாம் வாய்

முதல் வாயை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அது வாயைப் பழக்கத்தான். 15 மி.லி. அளவு, அதாவது ஒரு மேசைக்கரண்டி, வாயில் எடுத்து, நாக்கு முழுவதும் கன்னத்தின் உட்புறமும் படும்படி இரண்டு மூன்று நொடி நகர்த்தி விழுங்குங்கள். விழுங்கியதும் வாயை மூடியபடி மூக்கு வழியாக மூச்சை வெளியே விடுங்கள். வாய்க்குப் பின்னாலிருந்து மூக்குக்கு ஏறும் அந்த வாசம் முன்பு முகர்ந்ததிலிருந்து வேறாக இருக்கும். பெரும்பாலும் பழம் குறைந்து பிசினும் மிளகும் தெரியும். ஒயின் ருசி பார்ப்பவர்கள் துப்பிவிடுவார்கள். பீரில் விழுங்குவதே வழக்கம், ஏனென்றால் பாதிக் கதை விழுங்கிய பிறகுதான் வருகிறது.

இரண்டாம் வாயில் ஒரு சோதனை செய்யுங்கள். மூக்கை விரலால் அடைத்துக்கொண்டு ஒரு வாய் எடுங்கள். மாம்பழம் காணாமல்போய்விடும். மிஞ்சுவதுதான் நாக்கின் சாட்சி: கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கசப்பு, லேசான புளிப்பு, தானியத்தின் மாவுச்சுவை. விரலை எடுத்ததும் பழம் வெள்ளமாக வந்து சேரும். இதை ஒருமுறை செய்துபார்த்தவருக்கு, இனிப்பான பீர் என்று தோன்றியதில் எவ்வளவு நிஜ இனிப்பு, எவ்வளவு வாசம் செய்த மாயம் என்பது புரிந்துவிடும். சர்க்கரை மிச்சம் உண்மையிலேயே அதிகமாக இருந்தால், மூக்கை அடைத்தாலும் உதட்டில் பிசுபிசுக்கும்.

வழவழப்பையும் இப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓட்ஸின் பீட்டா குளுக்கானும் புரதமும் ஈஸ்ட் தின்னாமல் விட்ட டெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சர்க்கரையும் சேர்ந்து வாயில் ஒரு பருமனைத் தருகின்றன. வாயு மிதமாக இருப்பதும் துணை. நல்ல பீரில் இந்தப் பருமன் விழுங்கியதும் விலகி, வாய் அடுத்த மடக்குக்குத் தயாராகிவிடும். கெட்டியான ஒரு பூச்சு பல்லில் தங்கினால் நொதிப்பு முழுமையாகவில்லை, அல்லது பால் சர்க்கரையான லாக்டோஸ் சேர்த்திருக்கிறார்கள். பீர் ஈஸ்டால் லாக்டோஸைத் தின்ன முடியாது. அப்படிச் சேர்த்த பீரை மில்க்‌ஷேக் ஐபிஏ என்று தனியாக விற்பார்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் லேபிளைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கசப்பு, துவர்ப்பு, எரிச்சல்: மூன்றும் ஒன்றல்ல

புதியவர்கள் பெரும்பாலும் குழம்பும் இடம் இதுதான். விழுங்கிய பிறகு மனத்துக்குள் இருபது வரை எண்ணுங்கள்.

கசப்பு நாக்கில் எழுந்து, உச்சம் தொட்டு, நீளும். இந்தப் பாணியில் அது ஐந்தாறு எண்ணுவதற்குள் தணிய ஆரம்பிக்க வேண்டும். முழுக்க இல்லாமலும் போகக் கூடாது. கசப்பே இல்லாத டபுள் ஐபிஏ அரை கிளாஸிலேயே திகட்டிவிடும். துவர்ப்பு என்பது சுவையைவிடத் தொடு உணர்வு: ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுபடும். அளவுக்கு மேல் ஹாப்ஸ் இலைப்பொருள் பீரில் நெடுநாள் ஊறினால் இது கூடும். மூன்றாவது, தொண்டையின் பின்புறம் மிளகு பட்டது போன்ற கீறலும் எரிச்சலும். ஹாப் பர்ன் என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஆல்கஹாலின் வெதுவெதுப்போ மார்பு வரை மெதுவாக இறங்கும். இது தொண்டையிலேயே நின்று கரகரக்கும்.

ஹாப் பர்னுக்குக் காரணம் பீரில் இன்னும் மிதக்கும் ஹாப்ஸ் துகளும் பாலிபீனாலும். காய்ச்சிய இடத்தில் தொட்டியைப் போதுமான நாள் குளிரில் நிறுத்தாமல் அவசரமாகக் கேனில் அடைத்தால் வரும். நல்ல செய்தி: இதைச் சரிசெய்யலாம். அதே சரக்கில் இன்னொரு கேன் இருந்தால் ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வைத்து ஒன்றிரண்டு வாரம் கழித்து, ஆட்டாமல் ஊற்றுங்கள். பெரும்பாலும் எரிச்சல் அடங்கி, அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த பழம் வெளியே வரும். முதல் வாரத்திலேயே குடித்தாக வேண்டும் என்ற பரபரப்பு இந்தப் பாணிக்கு நல்லது செய்யவில்லை.

கேனில் ஐபியு என்ற கசப்பு எண் போட்டிருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். ஆய்வகத்தில் ஒளி உறிஞ்சுதலை வைத்து அளக்கும் அந்த எண்ணில், ட்ரை ஹாப்பிங்கிலிருந்து வரும் வேறு பொருள்களும் சேர்ந்துவிடும். 60 என்று போட்ட ஹேஸி, 40 என்று போட்ட தெளிந்த பீரைவிட மென்மையாக இருப்பது சாதாரணம்.

சூடேற ஏற

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரே கிளாஸிலிருந்து ஒரு வாய் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். 7 டிகிரியில் எலுமிச்சையும் பச்சை வாசமும் முன்னால் நிற்கும், பீரின் பருமன் இறுகியிருக்கும். 10 முதல் 12 டிகிரியில் கனிந்த பழம் திறந்து, வழவழப்பு முழுமையாகும். பெரும்பாலான டபுள் ஐபிஏ இங்கேதான் தன் முழு உருவத்தைக் காட்டும். 15-ஐத் தாண்டினால் வாயு தளர்ந்து இனிப்பு கனக்கும், ஆல்கஹால் மூக்குக்கு ஏறும். குளிரில் ஒளிந்திருந்த கோளாறும் இப்போது எட்டிப்பார்க்கும்.

அப்படி எட்டிப்பார்க்கக் கூடியவற்றில் முக்கியமானது வெண்ணெய் வாசம், பாப்கார்னில் தடவுவது மாதிரி. டயசெட்டில் என்ற பொருள் அது. ஹாப்ஸிலேயே சிறிதளவு நொதிப்பொருள் உண்டு. ட்ரை ஹாப்பிங் செய்யும்போது அது மிச்ச மாவுச்சர்க்கரையை உடைத்துக் கொடுக்க, ஈஸ்ட் மீண்டும் வேலையைத் தொடங்குகிறது. அந்த இரண்டாம் நொதிப்பை முடிக்க விடாமல் குளிர வைத்து அடைத்துவிட்டால் வெண்ணெய் மிஞ்சும். இதே காரணத்தால் சில கேன்கள் உப்பிப்போவதும் உண்டு. உப்பிய கேனைத் திறக்காதீர்கள். பச்சை ஆப்பிள் வாசம் வந்தால் பீர் இளசாகவே அடைக்கப்பட்டது. ஈரமான அட்டை, பழைய தேன் என்றால் ஆக்சிஜன். பாலாடைக்கட்டி, வியர்த்த சாக்ஸ் என்றால் ஹாப்ஸே பழசு. சோளம் வேகும் வாசம் இந்தப் பாணியில் அபூர்வம், வந்தால் கொதிப்பு போதவில்லை.

அளவு

473 மி.லி. கேன், 8.5 சதவீதம்: அதில் 40 மி.லி. தூய ஆல்கஹால், எடையில் சுமார் 32 கிராம். 330 மி.லி. லாகர் ஒன்று 5 சதவீதத்தில் 13 கிராம். அதாவது இந்த ஒரு கேன் ஏறத்தாழ இரண்டரை லாகருக்குச் சமம். உடல் ஒரு மணி நேரத்தில் கழிப்பது ஏழிலிருந்து பத்து கிராம் என்று வைத்தால், கேன் முழுவதும் வெளியேற மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம் ஆகும். இவ்வளவு ஆல்கஹாலை வாய் உணராது என்பதுதான் ஆபத்து. ஒரு கேனை மூன்று பேர் பகிர்ந்து 150 மி.லி. வீதம் எடுத்தால் ருசி பார்க்கத் தாராளம். ஒவ்வொரு கிளாஸுக்கும் அதே அளவு தண்ணீர், வயிற்றில் ஏதாவது சாப்பாடு, அன்றைக்கு வண்டிச் சாவி வேறொருவர் கையில். ஒன்றுக்கு மேற்பட்ட பீரை வரிசையாகப் பார்ப்பதானால் இதைக் கடைசியில் வையுங்கள். இதற்குப் பிறகு வருகிற எந்த மென்மையான பீரும் தண்ணீராகத்தான் தெரியும். நான்கைந்து மாதிரிக்கு மேல் போனால் நாக்கு எழுதும் குறிப்பை நம்ப முடியாது.

பழகுவதற்கு ஒரு நல்ல பயிற்சி: ஒரே நாளில் அடைத்த இரண்டு கேன் வாங்குங்கள். ஒன்றை ஃப்ரிட்ஜில், மற்றதை அறை வெப்பத்தில் இருட்டான இடத்தில் மூன்று வாரம் விடுங்கள். பிறகு இரண்டாவதையும் ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டையும் ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, எது எது என்று தெரியாமல் வேறொருவரை ஊற்றச் சொல்லுங்கள். முதலில் நிறத்தை எழுதுங்கள், அடுத்து வாசம், கடைசியில் கசப்பு எத்தனை எண்ணும்வரை நின்றது என்பது. வெதுவெதுப்பில் கிடந்ததில் பழம் மங்கித் தேனும் உலர்புல்லும் தலைதூக்கியிருக்கும். கசப்பு அவ்வளவு மாறாது, ஆனால் அதை மூடியிருந்த வாசம் போனதால் முன்பைவிடக் கரடுமுரடாகத் தெரியும்.